புவிப்பௌதிகத்தை விட்டுவிடாதே பிள்ளை

அன்பு மகளுக்கு,

போனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் லைன் விழுந்துவிடும், இல்லாவிட்டால் எனக்கு அழுகை வந்துவிடும். அதனால்தான் தம்பியின் கொப்பியில் நடுத்தாளைக் கழற்றி எழுதுகிறேன். நாளைக்கு அவன் படம் பிடித்து வட்சப்பில் அனுப்புவான்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன் பிள்ளை. அடுத்த செமஸ்டருக்கு, நிலத்துக்குள் இருப்பதை வெட்டாமல் அளந்து பார்க்கிற புவிப்பௌதிகமும் மனித உயிரியலும் ஒரே நேரத்தில் வருகிறது, ஒன்றைத்தான் எடுக்கலாம், எதை எடுக்க என்று கேட்டாய். நான் உடனே "மனித உயிரியலையே எடு, அதுதான் டொக்டர் வேலைக்குக் கிட்ட" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் "சரி அம்மா" என்று வைத்துவிட்டாய். அந்த "சரி அம்மா" மூன்று நாளாக எனக்குள் கிடக்கிறது. நீ சின்ன வயதில் பிடிக்காத சாப்பாட்டை விழுங்கும்போதும் இப்படித்தான் சொல்வாய்.

உண்மையைச் சொல்கிறேன். டொக்டராக ஆசைப்பட்டது நான். 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தபோது நான் உயர்தரம் பயோ படித்துக்கொண்டிருந்தேன். அக்கராயனில் மரத்துக்குக் கீழே இருந்து படித்து, மண்ணெண்ணெய் இல்லாததால் ஜாம் போத்தலில் திரி போட்டுச் சொட்டுச் சொட்டாக எரித்து, சோதினை எழுதி நாலு பாடமும் பாஸ், ஆனால் கம்பஸுக்குக் காணாது. அந்த ஆசையை உன் தலையில் இறக்கி வைத்தேன். நீ இரண்டு தரம் எழுதி வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைந்து பேராதனை விஞ்ஞான பீடத்துக்குப் போனாய். அன்றைக்கு நான் அழுதது பிழை. அதற்காக நீ இன்றைக்கும் எனக்குக் கடன் கட்டிக்கொண்டிருக்கவேண்டாம்.

போன வருஷம் நீ ஓடிவந்து போன் எடுத்தது ஞாபகமா? "அம்மா, எங்கட வன்னியின்ர பேரில ஒரு பாறைத்தொகுதி இருக்கு, உலகத்தில எல்லாரும் அப்பிடித்தான் எழுதினம்" என்று மூச்சு வாங்கச் சொன்னாய். இலங்கையின் பழைய பாறைகளை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி, வன்னித் தொகுதி என்று பிரிப்பார்களாம், எங்கள் காலுக்குக் கீழே கிடப்பது பல பத்துக் கோடி வருஷத்துப் பாறையாம். நான் இந்த மண்ணில் ஓடினேன், பதுங்குகுழி வெட்டினேன், உன் அம்மப்பாவைப் புதைத்தேன், ஆனால் அதற்கு இப்படி ஒரு வயது இருப்பது எனக்குத் தெரியாது. உயர்தரப் பெறுபேறு வந்த நாளில்கூட உன் குரல் அப்படி இருக்கவில்லை. அதை மறந்துபோய் ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொல்லிவிட்டேன்.

நீ படிப்பது எனக்கு விளங்காது என்று நினைக்காதே. பன்னிரண்டு வருஷமாக மிதிவெடி எடுக்கிற வேலையில் நான் செய்வதும் அதுதானே. முகமாலையில் விடிய முதல் வேலை டிடெக்டரைச் சோதிப்பது, தெரிந்த ஒரு சின்ன உலோகத்துண்டின் மேல் பிடித்து அது கத்துகிறதா என்று பார்ப்பது. பிறகு அந்த இடத்து மண்ணுக்கு அதைப் பழக்கவேண்டும். கையில் பிடிக்கிற அந்தத் தட்டுக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது, அதில் மின் ஓடிக் காந்தப்புலத்தை நிலத்துக்குள் அனுப்புகிறது, கீழே உலோகம் கிடந்தால் அதற்குள் ஒரு சுழிப்போட்டம், அதாவது சுழன்று ஓடும் மின், எழும்பித் தன் சொந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புகிறது, அதைத்தான் காதில் கேட்கிறோம். இதை எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள், பிறகு நீ உன் நோட்டில் வரைந்தும் காட்டினாய். முகமாலை மணலில் சத்தம் துப்புரவாக வரும். இரும்புச்சத்துள்ள செம்மண்ணுக்குப் போனால் மண்ணே கத்தும். ஆணி, வெற்றுத் தோட்டா, செல் துண்டு எல்லாம் ஒரே குரல். மிதிவெடிக்குள் இருக்கும் உலோகமோ சில வேளை ஒரு துண்டுதான். ஆகவே ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து, பக்கவாட்டிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போகவேண்டும். கருவி சத்தம் மட்டும்தான் தரும். என்ன கிடக்கிறது என்று நிதானிப்பது நாங்கள்.

அப்படி நிதானிக்கத் தெரியாத ஒருவரால்தான் எங்கள் வளவுக் குழாய்க்கிணறு கெட்டது. நீ அப்போது ஆறாம் ஆண்டு. ஒருவர் வந்து நாலு இரும்புக் கம்பியை ஒரே நேர்கோட்டில் அடித்தார், வெளி இரண்டிலும் மின் விட்டு, உள் இரண்டுக்கும் இடையில் அளந்தார். கம்பிகளை அகட்ட அகட்ட இன்னும் ஆழம் தெரியும் என்றார். நீ பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று அழுது, நாள் முழுக்க அவருக்குப் பின்னால் வயரைத் தூக்கிக்கொண்டு திரிந்தாய். ஓரிடத்தில் தடைத்திறன், அதாவது நிலம் மின்னைத் தடுக்கிற அளவு, நல்லாகக் குறைந்தது, "தண்ணி இருக்கு, வெட்டுங்கோ" என்றார். அம்மம்மாவின் காப்பை அடகு வைத்த காசில் 140 அடி இறக்கினோம். தண்ணீர் வந்தது, உவர். தேத்தண்ணி போட்டால் பால் திரைகிறது. நல்ல தண்ணீருக்கு மட்டுமில்லை, உப்புத் தண்ணீருக்கும் களிமண்ணுக்கும் தடைத்திறன் குறையும் என்று நீ கம்பஸ் போன பிறகுதான் எங்களுக்குச் சொன்னாய். அயல் கிணறுகளைப் பார்த்து, பாறை எங்கே வெடித்திருக்கிறது என்று பார்த்து, மற்ற முறைகளாலும் ஒத்துப் பார்த்திருக்கவேண்டும் என்றாய். இந்தப் பக்கத்தில் எத்தனை வளவில் இப்படி மூடிய குழாய் நிற்கிறது தெரியுமா? அதைச் சரியாக வாசிக்கிற ஒரு ஆள் எங்கள் பிள்ளைகளுக்குள் இருந்து வரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

சுனாமியையும் சொல்லவேண்டும். 2004 டிசம்பர் 26, நீ வயிற்றில் ஏழு மாதம். முல்லைத்தீவில் சின்னம்மா காலை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தவ. அவவை எடுக்கவே இல்லை. சுமாத்திராவில் பூமி அசைந்தது எங்கள் நேரம் ஏழு மணிக்குச் சற்று முன்னர், அந்த அதிர்வு நிலத்துக்குள்ளால் ஏறத்தாழ நாலு நிமிஷத்தில் பல்லேகலையில் இருக்கும் நிலநடுக்கக் கருவிக்கு வந்துவிட்டது, கடல் வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது என்று நீ சொன்ன அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டு மணித்தியாலம் பிள்ளை. சின்னம்மா நடந்தே தண்ணீரூற்றுக்குப் போயிருப்பா. இந்து சமுத்திரத்துக்கு அப்போது எச்சரிக்கை ஒழுங்கே இருக்கவில்லை, பிறகுதான் வந்தது. அந்த ஒழுங்குக்கு ஒவ்வொரு நாளும் ஆட்கள் வேண்டும், கருவி எழுதுவதைப் பார்த்து இரவிலும் முழித்திருக்க.

சரி, மனித உயிரியல். அதைக் குறைவாகச் சொல்ல என்னால் முடியாது. செட்டிகுளத்துப் பெரியப்பாவை நீயும் பார்த்தாய்தானே, கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம் இரத்தம் சுத்தம் செய்யும் மெஷினோடு கிடக்கிறார். சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. வயல் செய்த மனிசன். ஒரு சிறுநீரகத்தில் பத்து லட்சம் வடிகட்டி அளவில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லீற்றர் வடிக்கிறது, அதில் ஒன்றரை லீற்றர் அளவுதான் வெளியே போகிறது, மிச்சம் எல்லாம் திரும்ப உடம்புக்கு என்று படித்தது எனக்கு இன்னும் பாடம். பாதி வேலை நின்றபிறகும் இரத்தத்தில் கிரியேற்றினின் என்ற கழிவு பெரிதாக ஏறாதாம், அதனால்தான் அவருக்குப் பிந்திப் பிடித்தது. இந்தச் சிறுநீரக வருத்தம் 90களில் மதவாச்சி, பதவியா பக்கம் தெரியவந்து, பிறகு எங்கள் பக்கமும் வந்தது. தண்ணீரின் கல்லுத்தன்மையா, புளோரைட்டா, வயலுக்கு அடிக்கிற மருந்தா, வெயிலில் தண்ணி குடியாமல் நின்று வேலை செய்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஊரில் இப்போது ஆர்.ஓ. மெஷினில் வடிகட்டிய தண்ணியைக் காசுக்கு வாங்கிக் குடிக்கிறார்கள்.

இப்போது யோசி. அந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? வன்னித் தொகுதிப் பாறை வெடிப்பிலிருந்து. புளோரைட் எந்தப் பாறையிலிருந்து கரைகிறது, எந்த ஆழத்துத் தண்ணீரை விடவேண்டும் என்று சொல்லவேண்டியது டொக்டர் இல்லை. பெரியப்பாவின் கிட்னியை ஸ்கான் பண்ணும்போது நானும் பக்கத்தில் நின்றேன், ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைப் படமாக்குகிறார்கள். நீயும் நிலத்தைச் சம்மட்டியால் அடித்து எதிரொலி கேட்கத்தானே படிக்கப்போகிறாய்? உடம்பை விட்டுவிட்டு நீ எங்கேயோ தூரப் போவதாக எனக்கு இப்போது படவில்லை. அதனால் புவிப்பௌதிகத்தை எடு. மனித உயிரியல் அடுத்த வருஷமும் வருமா என்று பீடத்தில் கேள், வந்தால் அதையும் எடு, வராவிட்டால் நூலகத்தில் சிறுநீரகம் உள்ள அத்தியாயத்தையாவது படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லித் தா.

கணக்குக்குப் பயம் என்றாய். பயோ பிள்ளைகளுக்கு அது வரும்தான், அலையும் நுண்கணிதமும் இல்லாமல் இந்தப் பாடம் நகராது. மற்ஸ் படித்த பிள்ளைகளோடு பின்னேரம் இருந்து செய், கேட்க வெட்கப்படாதே. நான் 35 வயதில், பதினெட்டு வயதுப் பெடியளுக்குப் பக்கத்தில் இருந்துதான் டிடெக்டர் படித்தேன். பெண்பிள்ளை வெளிக்கள வேலைக்குப் போவதோ என்று மாமி கேட்டா. நான் மிதிவெடி தேடுகிற லேனுக்கு இரண்டு பக்கமும் பெண்கள்தான் என்று சொன்னேன். வேலை எடுபடுமோ என்ற யோசனை எனக்கும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். நீர்வளச் சபை இருக்கிறது, புவிச்சரிதவியல் சுரங்கப் பணியகம் இருக்கிறது, மலைநாட்டில் மண்சரிவு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வெற்றிடம் எப்போது வரும் என்று யாரால் சொல்ல முடியும். அதுவரைக்கும் அம்மா உழைப்பேன்.

போம் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி என்றாய், அதற்குள் மாற்றிக் கொடு. ஒடியல்மாவும் எள்ளுருண்டையும் உன் பக்கம் வருகிற அன்ரியிடம் கொடுத்து விட்டிருக்கிறேன், உன் அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. குளிருக்கு அந்தப் பச்சைச் சுவெற்றரைப் போடு.

லீவில் வரும்போது நிலத்துக்கு மின் விட்டு அளக்கிற கம்பஸ் கருவியை இரண்டு நாளைக்கு இரவல் தருவார்களா என்று சேரிடம் கேட்டுப் பார். கம்பி நாலும் தம்பி அடித்துத் தருவானாம். மேற்கு வேலிப் பக்கம், பாலை மரத்தடியில் கோடையிலும் புல்லுப் பச்சையாக நிற்கிறது. அவசரப்பட்டு வெட்டமாட்டோம், நீ பார்த்துச் சொல்.

அம்மா
மாங்குளம்