மக்கனின் மகள்

சத்துவாச்சாரி, வேலூர்
ஏப்ரல் 26

அன்புள்ள முதலாளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உறையின் மேல் இன்னும் "வ.ஆ. மாவட்டம்" என்றே எழுதுகிறாய். வட ஆற்காடு 1989-லேயே இரண்டாகி, 2019-ல் வேலூரும் மூன்றாகிவிட்டது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் இப்போது தனிக்குடித்தனம். தபால்காரர் சிரித்துக்கொண்டே நீட்டினார். பின்கோடு சரியாக இருக்கும்வரை நீ நவாப் காலத்து விலாசம் போட்டாலும் வந்து சேரும் என்று நினைக்கிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வெயிலைப் பற்றி வேலூர்க்காரன் எழுத என்ன இருக்கிறது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அதிலிருந்து மார்க்கெட்டில் கத்திரிக்காய்க்காரர் பேச்சிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. நீ வரும்போது ரெண்டு கிலோ வாங்கி வைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பேத்திக்கு ஆரஞ்சுப் பூனைக்குட்டி வேண்டுமாம், அதுவும் ஆண் குட்டிதான் வேண்டுமாம், செவலைப் பூனை மக்கு, ஆனால் பாசமானது என்று போனில் பார்த்தாளாம், நிஜமா என்று வாத்தியைக் கேள் என்றாளாம். முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவனை ரிட்டயர்மெண்டுக்கு அப்புறம் ஒருத்தி மதித்துக் கேள்வி கேட்டிருக்கிறாள். சும்மா விடுவேனா?

எங்கள் வீட்டிலேயே ஒன்று இருப்பது உனக்குத் தெரியும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதே, அந்த மழை ஓய்ந்த மறுநாள் காலை மாடிப்படிக்குக் கீழே நனைந்த துடைப்பம் மாதிரி கிடந்தது. வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, எலியா?" என்றாள். துவட்டி வைத்த பிறகுதான் நிறமே தெரிந்தது. ஆற்காடு மக்கன் பேடா இருக்கிறதே, ஜீராவிலிருந்து எடுத்ததும் ஒரு பளபளப்போடு இருக்குமே, அச்சாக அந்த நிறம். அதனால் மக்கன் என்று பேர் வைத்தேன். தெருப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் அதை மக்கு ஆக்கிவிட்டார்கள்.

மக்கு என்பதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மதில் மேல் பூனை என்போம், இது மதிலிலிருந்து தூங்கியபடியே விழுந்த பூனை. விழுந்த பிறகு ஏதோ வேலையாக இறங்கியது போல முன்காலை நக்கிக்கொண்டது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன், கரண்ட் கணக்கெடுக்க வருபவர், யாராயிருந்தாலும் நேராகப் போய் முழங்காலில் தலையை முட்டும். காலையில் கோலம் போட்டு முடித்ததும் அதன் நடுவில் போய்ப் படுக்கும், எழுந்தால் வயிறெல்லாம் மாவு. வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்ட ஈர மணல்தான் அதன் கட்டில். பானையைக் கட்டிக்கொண்டு அது தூங்குகிற அழகுக்காகவே ஃப்ரிட்ஜ் தண்ணீரை விட்டுவிட்டு ரெண்டு வருஷமாகப் பானைத் தண்ணீர் குடிக்கிறோம். இதில் யார் மக்கு என்று நீயே சொல்.

மக்கன் பேடாவை மக்கனே தின்றதா என்று போன தடவை கேட்டாய். ஒருமுறை நக்கியது. ஆனால் இனிப்புக்காக இல்லை. பூனைக்கு இனிப்பே தெரியாது, நாக்கில் அதற்கான உணர்வியை உண்டாக்கும் மரபணு பழுதாகிவிட்டது. அது நக்கியது பேடாவின் கோவாவில் இருந்த கொழுப்பை. பாலும் அப்படித்தான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஆசையாக ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு அன்றைக்கு ராத்திரி முழுக்க நான்தான் தரை துடைத்தேன். பேத்தியிடம் இதை மட்டும் கண்டிப்பாகச் சொல், தண்ணீர் போதும்.

துணிக்காரனான உனக்கு ஒரு சேதி. இந்த வரிப்பூனைக்கு ஆங்கிலத்தில் 'டேபி' என்று பேர். பாக்தாத்தில் அத்தாபிய்யா என்று ஒரு பேட்டை இருந்தது. அங்கே நெய்த பட்டுக்குப் பேட்டையின் பேரே நிலைத்தது, நாம் குடியாத்தம் லுங்கி என்கிற மாதிரி. அந்தப் பேர் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், அலையலையாக வரி ஓடுகிற பட்டைக் குறித்து, கடைசியில் பூனையின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆரஞ்சுப் பூனையில் வரியே இல்லாதது கிடையாது, தெரியுமா? கருப்புப் பூனை முழுக்கக் கருப்பாக இருக்கும். இதற்கு மட்டும் எவ்வளவு வெளிறிப் போனாலும் வெயிலில் பிடித்துப் பார்த்தால் எங்கேயாவது வரி தெரிந்துவிடும். நெற்றியில் எம் எழுத்து மாதிரி ஒரு கோடு விழும். கறிக்கடை பாய் அது நபிகள் தடவிக்கொடுத்த அடையாளம் என்பார். என் மாமியார் அதை விபூதிப் பட்டை என்று முடிவு செய்துவிட்டார். பூனை குறுக்கே போனால் வாசலிலிருந்தே திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறவர் அவர். மக்கன் போனால் மட்டும் திரும்புவதில்லை, மஞ்சள் மங்களமாம்.

இரண்டாம் வருஷம் அதன் மூக்கிலும் உதட்டிலும் மையைத் தெளித்தது போல் கரும்புள்ளிகள் வந்தன. அழுக்கு என்று ஈரத்துணியால் தேய்த்து நல்ல கீறல் வாங்கினேன். செவலைகளுக்கு வயது ஏற ஏற அப்படி வரும், ஒன்றும் செய்யாது என்று அப்புறம்தான் தெரிந்தது.

இப்போது உனக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான கதை. பக்கத்து வீட்டு டெய்லரம்மாவிடம் ஒரு மூன்று நிறப் பூனை உண்டு, வெள்ளை கருப்பு செவலை. வெட்டுத்துணி போட்டு வைக்கிற அட்டைப்பெட்டியில் மார்ச் முதல் வாரம் நாலு குட்டி போட்டது. ஒரு கருப்புக் கடுவன், ஒரு செவலைக் கடுவன், தாயைப் போல மூன்று நிறத்தில் ஒரு பெட்டை, செவலையில் ஒரு பெட்டை. டெய்லரம்மா கருப்புக் குட்டியைத் தூக்கிப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "கறிக்கடை கருப்பன் வேலைதான் இது. அப்பன் மூஞ்சி அப்படியே கீது பாருங்க சார்." மக்கனா? சேச்சே. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி அது கிணற்றடியில் படுத்திருந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. கரும்பலகை இருந்திருந்தால் படமே போட்டிருப்பேன். பூனையின் செவலை நிறம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. கடுவனுக்கு ஒரே எக்ஸ், அதுவும் தாய் கொடுத்தது. ஆக மகனின் செவலையோ கருப்போ முழுக்க அம்மா வீட்டுச் சீர், அப்பனுக்கு அதில் பங்கே இல்லை. கருப்புக் குட்டியை வைத்துக் கறிக்கடைக் கருப்பனைப் பிடிப்பது அநியாயம். பெட்டைக்கு ரெண்டு எக்ஸ், ஒன்று தாய் தந்தது, ஒன்று தகப்பன் தந்தது. ரெண்டுமே செவலையாக இருந்தால்தான் மகள் செவலை. ஒன்று செவலை, ஒன்று கருப்பு என்றால் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏதாவது ஒரு எக்ஸ் தூங்கிவிடும். 1961-ல் மேரி லயான் என்ற அம்மையார் சொன்னது இது. கருப்பு தூங்கிய இடம் செவலை, செவலை தூங்கிய இடம் கருப்பு. டெய்லரம்மா வீட்டுப் பூனை ஒட்டுத்துணி போட்டுத் தைத்தது போல் இருப்பது அதனால்தான். வெள்ளை மட்டும் வேறு கணக்கு. செவலைகளில் ஐந்துக்கு நாலு கடுவனாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு எக்ஸ் போதும் என்பவனுக்குச் சுலபம், ரெண்டும் அமைய வேண்டும் என்பவளுக்குக் கஷ்டம்.

அப்படியானால் அந்தச் செவலைப் பெட்டை எப்படி வந்தாள்? தகப்பன் செவலை. வேறு வழியே இல்லை. எங்கள் தெருவில் செவலைக் கடுவன் எது? கிணற்றடியைப் பார்த்தேன். அது வாலை மட்டும் ஒருமுறை அசைத்தது.

தேதியையும் சரிபார்த்தேன். பூனைக்குச் சினை 63 முதல் 65 நாள். மார்ச் முதல் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் டிசம்பர் கடைசி. ஊரெல்லாம் சண்டை போட்டுக் கன்னத்தில் சீழ் கட்டி வந்ததால், கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நான் அதற்கு ஆபரேஷன் செய்துவைத்தது பொங்கல் கழித்து. மூன்று வாரம் பிந்திவிட்டேன்.

டெய்லரம்மாவிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப கருப்புக் குட்டிக்கும் மக்கன்தான் அப்பனா சார்?" என்றார். அது சொல்ல முடியாது, ஒரே ஈற்றில் ரெண்டு தகப்பன் இருப்பதும் பூனைக்கு உண்டு என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாடத்தை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு ஒரு வருத்தம், முதலாளி. எக்ஸ் வழி வரும் பண்பு என்ற பாடத்துக்கு முப்பது வருஷமாக நிறக்குருடையும், ரத்தம் உறையாத நோயையும், விக்டோரியா ராணியின் வம்சத்தையும் சொல்லிச் சொல்லியே பையன்களைத் தூங்க வைத்தேன். பள்ளிக்கூடத் திண்ணையில் ஒரு மூன்று நிறப் பூனை படுத்தே கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டத் தோன்றவில்லையே.

செவலை எக்ஸில் இருக்கிறது என்பது நூறு வருஷமாகத் தெரிந்த சங்கதி. ஆனால் எந்த மரபணு என்று 2025-ல்தான் அச்சில் வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகம், ரெண்டு குழுவும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஜப்பான் குழுவுக்குப் பூனைப் பிரியர்கள் காசு போட்டார்களாம். மரபு எழுத்தில் சுமார் ஐயாயிரம் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. அதனால் ஏஆர்எச்கேப்36 என்ற மரபணு, தான் விழிக்கக் கூடாத இடமான நிறம் செய்கிற செல்லில் விழித்துக்கொண்டு, கருப்பு நிறத்தைச் செய்யவிடாமல் தடுத்துச் செம்மஞ்சளை மட்டும் விடுகிறது. நம் ஊர்த் தறியில் பாவு நூல் அறுந்து, அறுந்த இடத்தில் புதுசாக ஒரு டிசைன் விழுந்து, அதையே நீ கூடுதல் விலைக்கு விற்றாயே, அந்த மாதிரி.

பேத்தி கேட்ட பாசம் விஷயம். நிறத்தால் குணம் மாறுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வளர்க்கிறவர்களைக் கேட்டால் செவலை சாது, ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள், ஆனால் வளர்க்கிறவன் வாயில் வேறென்ன வரும்? என் அபிப்பிராயம், பெரும்பாலும் கடுவனாக இருப்பதால் கொஞ்சம் தைரியம் கூட, அந்தத் தைரியத்தைத்தான் நாம் மக்குத்தனம் என்கிறோம். பாசமானது என்று கேள்விப்பட்டு எல்லாரும் தூக்கிக் கொஞ்ச, கொஞ்சக் கொஞ்ச அதுவும் பாசமாகிவிடுகிறது. டெய்லரம்மா பெட்டியில் ரெண்டு செவலை இருக்கிறதே, கடுவன் குட்டி என் செருப்பைக் கண்டாலே ஓடிவந்து அதற்குள் தலையை விடுகிறான். பெட்டை? நான் போனால் தையல் மிஷினுக்குக் கீழே போய் உட்கார்ந்து சீறுகிறாள், கட்டைவிரல் அளவு முகத்தை வைத்துக்கொண்டு. நிறம் ஒன்றுதான்.

வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் வருவதாக எழுதியிருக்கிறாய். அதற்குள் குட்டிகளுக்குப் பத்து வாரம் ஆகிவிடும், தாயை விட்டுப் பிரிக்கலாம். மகன் காரில் வருவதும் நல்லதாயிற்று. மூடி வைத்த கூடை ஒன்றும் பழைய கைலி ஒன்றும் எடுத்து வா. கைலிக்கு உன்னிடம் பஞ்சமா? ஒரு ராத்திரி அதைப் பெட்டியில் போட்டு வைத்தால் தாய் வாசனை ஒட்டும், வழியில் கத்தாது. போனதும் தடுப்பூசி, ஆறு மாசத்துக்குள் ஆபரேஷன். என்னை மாதிரி மூன்று வாரம் பிந்தாதே.

கடுவன் குட்டி உன் பேத்திக்குத்தான், டெய்லரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சீறுகிற பெட்டையைப் பற்றியும் சொல்லி வைத்திருக்கிறேன், யாருக்கும் தர வேண்டாம் என்று. இன்னொரு பூனை உள்ளே வந்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று வீட்டுக்காரி தை மாசமே சொல்லிவிட்டாள், அதனால் அவளிடம் இன்னும் பேச்சை எடுக்கவில்லை. நீ வந்து சாப்பிட உட்காரும்போது கத்திரிக்காய்க் குழம்பின் ருசியில் வாய் தவறி உளறிவிடாதே.

இப்படிக்கு,
உன் வாத்தி