இணை ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்: ஆய்விதழ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பொதுச் சுகாதார ஆய்விதழின் இணை ஆசிரியர் பொறுப்பிலிருந்து இந்த மாதக் கடைசியோடு விலகுகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். கட்டுரையை வெளியிட எழுதியவரிடமே நீங்கள் வாங்கும் கட்டுரைக் கட்டணம் பற்றி, ஆசிரியர்கள் நாங்கள் சேர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய இரண்டு கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் பதில் இல்லை. இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். இதில் வரும் செவிலியர்களும் படிக்க வேண்டும்.

மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ஒரு மருத்துவரும் இரண்டு கிராம சுகாதார செவிலியர்களும் ஒரு கட்டுரை அனுப்பினார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வந்தும் சிலர் ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. விடியுமுன் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களைப் பார்ப்பதற்காக, தங்கள் வேலை முடிந்து இரவில் போயிருக்கிறார்கள். யாரும் நிதி தரவில்லை, பஸ் செலவுகூட அவர்களுடையதுதான். துறை அறிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்கும் மதிப்பாய்வு மூன்று சுற்று நடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் அந்த மருத்துவர் பொறுமையாகப் பதில் எழுதினார். வெளியிடலாம் என்று நானும் ஒப்புதல் கொடுத்தேன்.

அடுத்த நாள் உங்கள் அலுவலகத்திலிருந்து பில் போனது. அது அவருடைய இரண்டு மாதச் சம்பளம். சலுகை கேட்டார். சலுகைக்குரிய நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை என்று ஒரு வரியில் பதில். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். "பரவாயில்லை சார், சிஸ்டர் ரெண்டு பேருக்கும் எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை" என்று எனக்கு எழுதினார். அதற்கு என்னால் இன்றுவரை பதில் எழுத முடியவில்லை.

இதழ் நடத்தச் செலவாகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிறவருக்கு நீங்கள் எதுவும் தருவதில்லை. மதிப்பாய்வு செய்கிறவருக்கும் இல்லை. ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கட்டுரை படித்த எனக்கும் இல்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: நிதியுதவி இல்லாமல் ஆய்வு செய்தவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

நியூரோஇமேஜ் என்ற மூளைப் படிம ஆய்விதழில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். குறைக்கச் சொல்லிக் கேட்டும் பலன் இல்லாததால் 2023 ஏப்ரலில் 40-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒன்றாக விலகி, இலாப நோக்கற்ற ஒரு பதிப்பகத்தோடு வேறு இதழ் தொடங்கினார்கள். மும்பையிலிருந்து வரும் இந்திய மருத்துவ அறநெறி இதழ் 1993-இல் தொடங்கியது. எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை, இணையத்தில் படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. அவர்களால் முடிகிறது.

உங்களிடமிருந்து இப்போது வருவதெல்லாம் வேறு மாதிரி கடிதங்கள். இந்த ஆண்டு எத்தனை சிறப்பிதழ், ஏற்கும் கட்டுரைகளை எப்படிக் கூட்டுவது என்று கேட்கிறீர்கள். தரம் குறைந்த கட்டுரைகளை ஏற்கச் சொல்லி அழுத்தம் வந்தது என்று சொல்லித்தான் 2018-இல் நியூட்ரியன்ட்ஸ் என்ற ஊட்டச்சத்து ஆய்விதழின் மூத்த ஆசிரியர்கள் பத்துப் பேர் விலகினார்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் நம் கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. எண்ணிக்கைக்காக எழுதுகிறவர் எப்படியாவது பணம் கட்டிவிடுகிறார். நோயாளிக்காக எழுதுகிறவரிடம் அந்தப் பணம் இல்லை. அப்புறம் மலைமேல் மாத்திரையை நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. இதை நினைத்தால் கோபம் வருகிறது. மன்னிக்கவும்.

சரி, கேட்க வேண்டியதைப் பணிவாகவே கேட்கிறேன். அந்த மருத்துவருக்கு நீங்களே எழுதி, கட்டுரையைக் கட்டணமின்றி வெளியிடுகிறோம் என்று சொல்லுங்கள். இனியும், நிதியுதவி இல்லாமல் ஆய்வு செய்தவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள். என் கையில் இருக்கும் நான்கு கட்டுரைகளை மாத முடிவுக்குள் பார்த்து அனுப்பிவிடுவேன், எழுதியவர்களைக் காக்க வைக்க மாட்டேன். அதன்பின் ஆசிரியர் குழுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இதழின் இணை ஆசிரியர், இந்த மாதம் வரை