பாலுக்கும் காய்கறிக்கும் எல்லையின் இருபுறமும் ஒரே சோதனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் பாலும் காய்கறியும் தரமற்றவை என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புவதும், அதற்கு நம் பக்கத்திலிருந்து கோபமாகப் பதில் சொல்லப்படுவதும், சில வாரங்களில் இரண்டும் அடங்கிப்போவதும் வழக்கமாகிவிட்டது. கீழப்பாவூர் வட்டாரத்தில் வெண்டையும் பல்லாரியும் பயிரிட்டு, கறவை மாடுகளும் வைத்துப் பிழைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் காய் பாவூர்சத்திரம் சந்தையில் ஏலம் போய், அன்று இரவே மலை தாண்டிவிடுகிறது. ஆகவே இந்தப் பேச்சு எங்கள் வருமானத்தைத் தொடுகிறது. அதே காயைத்தான் நாங்களும் சமைத்துச் சாப்பிடுகிறோம் என்பதால் எங்கள் உடல்நலத்தையும் தொடுகிறது.

உணவுக்கான தர அளவுகள் தமிழ்நாட்டுக்கு ஒன்று, கேரளத்துக்கு ஒன்று என்று இல்லை. 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே அளவுகளைத்தான் வகுத்திருக்கிறது. அரசியலமைப்பின் 301ஆம் பிரிவு நாடெங்கும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது. 304ஆம் பிரிவு பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்க மாநிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. ஆக, சந்தையும் ஒன்று, தர அளவும் ஒன்று. ஆனால் அந்த அளவை யார், எங்கே, எப்போது சோதிப்பது, ஒருவர் சோதித்ததை மற்றவர் ஏற்பதா என்பதில்தான் இன்னும் ஒழுங்கு பிறக்கவில்லை.

2023 ஜனவரியில் கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவு சோதனைச் சாவடியில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்காசிப் பக்கமிருந்து சென்ற 15,300 லிட்டர் பாலுடன் ஒரு டேங்கர் லாரியைக் கேரளப் பால்வளத் துறையினர் நிறுத்தி, பால் கெடாமலிருக்கச் சிலர் கலக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேதிப்பொருள் அதில் இருப்பதாக அறிவித்தனர். பிறகு அதே மாநிலத்தின் உணவுப் பாதுகாப்புத் துறை மாதிரி எடுத்து ஆய்வு செய்தபோது பெராக்சைடு தென்படவில்லை. மாதிரி எடுப்பதில் ஏற்பட்ட தாமதமே காரணம் என்று பால்வளத் துறைத் தரப்பு சொன்னது. பெராக்சைடு நேரம் செல்லச்செல்லத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடும் பொருள் என்பதும், பாலில் இயல்பாக உள்ள நொதிகள் அந்தச் சிதைவை விரைவுபடுத்தும் என்பதும் உண்மையே. ஆனால் இரண்டு துறைகள் இரண்டு நேரத்தில் எடுத்த இரண்டு மாதிரிகளை வைத்துக்கொண்டு, பாலில் கலப்படம் இருந்தது என்றோ இல்லை என்றோ பொதுமக்களுக்கு எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனது. குற்றம் செய்தவர் இருந்தால் அவர் தப்பினார். இல்லையென்றால் இந்த வட்டாரத்துப் பால் ஊற்றுவோர் அனைவரும் பழி சுமந்தார்கள்.

இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை என்பதுதான் என் ஆதங்கம். சோதனைக் குழாயில் சிறிது பாலை ஊற்றி, பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் சேர்ந்த கரைசலைச் சில சொட்டு விட்டால், பெராக்சைடு கலந்த பால் நின்ற இடத்திலேயே நீலமாகிவிடும். ஆனால் நம் ஊர்களில் பால் எடுக்கும் இடங்களில் பெரும்பாலும் பார்க்கப்படுவது கொழுப்பும் இதர சத்தும் மட்டுமே, ஏனென்றால் விலை அவற்றைப் பொறுத்தது. பால் கெடாமலிருக்க எதையாவது சேர்க்கும் ஆசை, சாயங்காலம் கறந்த பாலைக் குளிரவைக்க வழியில்லாமல் கேனிலேயே வைத்திருந்து தொலைவுக்கு அனுப்பும் இடத்தில்தான் பிறக்கிறது. அங்கே ஒரு குளிர்விப்பானும், மலை ஏறுவதற்கு முன்பே எடுத்து முத்திரையிட்ட மாதிரியும், நேரம் குறித்த சீட்டும் இருந்திருந்தால், ஆரியங்காவில் லாரியை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கத் தேவையே வந்திருக்காது.

காய்கறியில் சிக்கல் வேறு விதமானது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். மருந்தடித்த பின் பறிக்காமல் காத்திருக்க வேண்டும் என்று பூச்சிமருந்துப் புட்டியில் அச்சிட்டிருக்கும் காலமோ பல மருந்துகளில் அதைவிட நீளமானது. காய்ப்புழு விழுந்த நேரத்தில் அந்த எழுத்தைப் படித்துச் சொல்லி, காய்க்கிற பயிருக்கு ஏற்ற மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு மருந்துக்கடைக்காரரிடம் இருக்கிறது. அவரே எல்லாவற்றிலும் கடுமையானதை எடுத்து நீட்டினால் விவசாயி என்ன செய்வார்? 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு விவசாயியையும் மீனவரையும் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். ஆனால் அதன் விளைவாக, காய் கமிஷன் கடைக்கு வந்த பிறகுதான் உணவுச் சட்டம் அதைப் பார்க்கிறது. அதற்கு முன்பு நடப்பதெல்லாம் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் பொறுப்பு, வேளாண்மைத் துறையின் பொறுப்பு. இந்த இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே சந்தையில் மாதிரி எடுத்ததை நான் கண்டதில்லை.

மாநிலங்கள் தனித்தனியாக முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எண்டோசல்ஃபான் என்ற பூச்சிமருந்து உதாரணம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் அதைத் தெளித்ததால் சுற்றியிருந்த மக்கள் நோயுற்ற அவலத்துக்குப் பிறகு கேரளம் அதைத் தடைசெய்தது. நாடு முழுவதற்குமான தடை உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் 2011 மே மாதம்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எல்லைக்கு அந்தப் பக்கம் விற்கக் கூடாத மருந்து இந்தப் பக்கம் விற்றது, அதை அடித்த காயோ தடையில்லாமல் அந்தப் பக்கம் போனது.

ஐரோப்பிய நாடுகளும் இதே முடிச்சில் மாட்டியவைதான். பிரான்சில் சட்டப்படி விற்கப்பட்ட காசிஸ் என்ற பழ மதுவை, சாராய அளவு குறைவு என்று சொல்லி ஜெர்மனி தடுத்தபோது, ஒரு நாட்டில் முறைப்படி விற்கப்படும் பொருளை மற்ற நாடு பொதுச் சுகாதாரம் போன்ற தக்க காரணமின்றித் தடுக்கலாகாது என்று அவர்களது நீதிமன்றம் 1979இல் தீர்ப்பளித்தது. அதனால் மட்டும் நம்பிக்கை வந்துவிடவில்லை. மாடுகளைத் தாக்கிய மூளை நோயின் காரணமாக 1996 மார்ச்சில் பிரிட்டிஷ் மாட்டிறைச்சிக்கு விதிக்கப்பட்ட தடை 1999இல் விலக்கப்பட்ட பின்பும், பிரான்ஸ் அதை வாங்க மறுத்து 2002 வரை நின்றது. 2001 டிசம்பரில் நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகும் உடனே இறங்கவில்லை. அறிவியல் ஆலோசனைக்கென்று தனி ஆணையம் ஒன்றை 2002இல் அவர்கள் அமைத்ததற்கு இந்த அனுபவம் முக்கியமான காரணம். ஒரு நாட்டில் ஆபத்தான உணவு பிடிபட்டால் மற்ற நாடுகளுக்கு உடனே தெரிவிக்கும் எச்சரிக்கை ஏற்பாடு அவர்களிடம் 1979 முதலே இருக்கிறது. 2003இல் இந்திய மிளகாய்த்தூளில் உணவில் சேர்க்கக் கூடாத சூடான் என்ற சிவப்புச் சாயம் இருப்பதைப் பிரான்ஸ் கண்டுபிடித்ததும் ஐரோப்பா முழுவதும் சில வாரங்களில் ஒரே நடவடிக்கை வந்தது. ஆரியங்காவில் ஒரு லாரி பிடிபட்டால் அதே வேகத்தில் தென்காசி ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் வருகிறதா என்பதே என் கேள்வி.

ஏற்றுமதிக்குப் போகும் வெண்டைக்கும் கறிவேப்பிலைக்கும் ஐரோப்பியத் துறைமுகங்களில் கூடுதல் சோதனை விதிக்கப்பட்டதை எல்லோரும் அறிவோம். அங்கே திருப்பி அனுப்பப்பட்டால் செய்தியாகிறது. அதே வயலில் விளைந்து பாளையங்கோட்டை மார்க்கெட்டில் விற்கும் காயைப் பற்றி ஒரு வரியும் வருவதில்லை. வெளிநாட்டவர் உயிருக்குக் கொடுக்கும் மதிப்பை நம் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு எனக்குத் தயக்கமில்லை.

பாளையங்கோட்டையிலேயே அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் செலுத்தி, சாதாரண நுகர்வோரும் தாம் வாங்கிய உணவைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம். பதினான்கு நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வெண்டைக்காய்க்குப் பதினான்கு நாள் என்பது மிக நீண்ட காலம். என்றாலும், ஒரு வட்டாரத்தில் எந்த மருந்து மிஞ்சுகிறது என்று அறிய அது போதும். அறிந்து என்ன பயன், வெளியிட்டால்தானே?

ஆகவே, பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை சந்தைகளில் வேளாண்மைத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து ஏலத்துக்கு முன்பே மாதிரி எடுத்து, முடிவுகளை மாதந்தோறும் சந்தைப் பலகையில் ஒட்ட வேண்டும். அந்த முடிவுகளைக் கேரள அதிகாரிகள் ஏற்கும் வகையில், மாதிரி எடுக்கும் முறையும் சோதனை முறையும் இரு மாநிலங்களும் கையொப்பமிட்ட ஒரே முறையாக இருக்க வேண்டும். பெரிய கமிஷன் கடைகளும் தனியார் பால் நிறுவனங்களும் இதன் செலவில் பங்கேற்பது நியாயம். சிறு விவசாயியின் தலையில் ஒரு பைசாவும் ஏற்றக் கூடாது. வெயில் ஏறிவிட்டால் பால் திரிவதும் சீக்கிரம், அதில் எதையாவது சேர்க்கும் ஆசையும் அதிகம் என்பதால், குளிர்விப்பான் இல்லாத பால் சேகரிப்பு மையங்கள் எவை என்ற பட்டியலையாவது இரு மாவட்ட நிர்வாகங்களும் வரும் கோடைக்கு முன்பாக வெளியிடுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
கீழப்பாவூர் வட்டாரம், தென்காசி மாவட்டம்.