மார்க் வருது, பிள்ளை எப்படி இருக்குன்னு வரலையே

பத்திரிகை ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. ஏற்காடு நாகலூர் பக்கத்துல இருந்து எழுதறேன், பொண்ணு நாலாவது படிக்கிறா.

ஸ்கூல்ல வாட்ஸ்அப் குரூப் இருக்கு, போனு வீட்டுக்காரர்கிட்ட, அவரு ஜீப் ஓட்டறவரு, சேலத்துக்கு எறங்கிட்டா ராத்திரிதான் வருவாரு, அப்புறம்தான் நான் குரூப்பையே பாக்கறது, அதுவும் டவர் கெடைச்சா. போன பரீட்சைக்கு எல்லா பிள்ளைங்க மார்க்கும் பேரோட ஒரே பிடிஎஃப்ல போட்டாங்க. அடுத்த நாள் காபி பறிக்கிற எடத்துல ஒருத்தி கேக்குறா, உம்பொண்ணு கணக்குல இவ்வளவுதானான்னு. எனக்கே அப்பதான் தெரியும்!

நெஜ விஷயம் வேற. தை மாசம் காபி பறிப்பு முடிஞ்சதும் வெளியூர்ல இருந்து வந்த குடும்பமெல்லாம் கெளம்பிடுச்சு, அதுல எம்பொண்ணோட கூட்டாளியும் போயிட்டா. அன்னையில இருந்து இவ மத்தியானம் சரியா சாப்பிடல, தனியா உக்காந்திருக்கா, டீச்சரு கவனிச்சிருக்காங்க. எனக்கு யாரு சொன்னதுன்னா பஸ் ஸ்டாண்டுல பாத்த சத்துணவு அக்கா. மூணு வாரம் கழிச்சு! நான் என்னடான்னா மார்க்கைப் பாத்துட்டு அவளைத் திட்டிட்டு இருந்திருக்கேன்.

டீச்சரையும் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன், எமிஸ்ங்கற அரசாங்கத்தோட ஸ்கூல் ஆப்புல அட்டெண்டன்ஸ் ஏத்தறதுக்கே அவங்க போனைத் தூக்கிட்டு டவர் தேடுறாங்க. ஆனா 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 24வது பிரிவுல, டீச்சருங்க பெத்தவங்களைத் தவறாம கூப்பிட்டுப் பிள்ளையோட வருகை, கத்துக்கிற திறன், முன்னேற்றம், வேற முக்கியமான சேதி எல்லாத்தையும் சொல்லணும்னு இருக்குதாம், வீட்டுக்காரரோட தம்பி படிச்சுக் காட்டுனான். வேற சேதின்னா இதுதானே? மீட்டிங் வைக்கிறாங்க, இல்லேங்கல, வேலை நாள்ல பதினோரு மணிக்கு வெச்சா போற எங்களுக்கு அன்னைக்குக் கூலி போச்சு. வராதவங்களுக்கு அக்கறை இல்லைன்னு வேற பேசறாங்க. அஞ்சு மணிக்கு மேல வெச்சா எஸ்டேட்டுல பாதி பேரு வருவோம்.

பிள்ளை சோர்ந்து இருந்தா நோட்டுல தமிழ்ல ஒரு வரி எழுதி அனுப்புங்க போதும், அதுக்கு டவர் வேண்டாம். அந்த மார்க் லிஸ்டை குரூப்ல போடாம, இந்த வருஷக் கடைசிப் பரீட்சைக்காவது அவங்கவங்க மார்க்கை அவங்கவங்க கையில குடுங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா,
நாகலூர், ஏற்காடு.