பங்குச்சந்தைப் பாடம் எடுக்கும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தமிழில் பங்குச்சந்தை பற்றிக் காணொளி போடுகிறவர்கள், வகுப்பு எடுக்கிறவர்கள், தொடர் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஷார்ட் செல்லிங் (விலை இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாத பங்கை விற்பது) பாடம் வந்தாலே நீங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஐசக் லெ மெய்ர் என்றொருவர் கையில் இல்லாத பங்குகளை விற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கவிழ்க்கப் பார்த்தார், அரசு தடை போட்டது, ஆள் காலி. இரண்டே நிமிடம், பின்னணியில் திகில் இசை வேறு.

சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், கம்பெனியோடு ஏன் மோதினார் என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அதை விட்டுவிட்டால் 1609இல் நடந்தது வெறும் சூதாட்டமாகத்தான் தெரியும்.

லெ மெய்ர் ஆம்ஸ்டர்டாம்காரரே அல்ல. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் தூர்னே நகரத்தில் பிறந்தவர். ஆண்ட்வெர்ப்பில் மளிகை வியாபாரம் செய்து நாலு காசு பார்த்தவர். நகரக் காவல் படையில் ஒரு பிரிவுக்குத் தலைவராகவும் இருந்தார். அப்போது ஸ்பெயின் மன்னரின் தளபதி பார்மா கோமகன் ஸ்கெல்ட் ஆற்றின் குறுக்கே படகுகளால் பாலம் கட்டி, ஆண்ட்வெர்ப்புக்குள் எதுவும் நுழையாதபடி அடைத்தார். 1585 ஆகஸ்டில் நகரம் பணிந்தது. புராட்டஸ்டண்டுகளுக்கு நான்கு ஆண்டுத் தவணை: கத்தோலிக்கராக மாறு, இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு. நகரத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். லெ மெய்ரும் அவர்களில் ஒருவர். வந்து சேர்ந்தது ஆம்ஸ்டர்டாமுக்கு.

ஊரைவிட்டு வந்தவர்களுக்குக் கையிருப்பை விடப் பெரிய சொத்து அவர்களுடைய தொடர்புகள். எந்தத் துறைமுகத்தில் யாரை நம்பிச் சரக்கு அனுப்பலாம், யாருடைய உண்டியலுக்கு (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு) எங்கே பணம் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. லெ மெய்ர் 1599இல் தன்னைப் போலவே தெற்கிலிருந்து, அதாவது இன்றைய பெல்ஜியப் பக்கமிருந்து, வந்தவர்களோடு சேர்ந்து பிரபாண்ட் கம்பெனியைத் தொடங்கி, கிழக்கே கப்பல் விட்டார். ஆம்ஸ்டர்டாம் குடியுரிமை வாங்கியது அதற்கும் பிறகு, 1601இல்தான்.

அடுத்த ஆண்டே கிழக்கே கப்பல் விட்ட எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாக்கி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை அமைத்தார்கள். பங்குக்குப் பெயர் கொடுக்கும் பதிவு நடந்தது டிர்க் வான் ஓஸ் என்பவரின் வீட்டில். அவரும் ஆண்ட்வெர்ப்பிலிருந்து வந்தவர். ஆம்ஸ்டர்டாமில் பணம் போட்ட 1,143 பேரில் 301 பேர் தெற்கிலிருந்து வந்தவர்கள். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் நேல்ட்சே கோர்னெலிஸ் 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) போட்டார். லெ மெய்ர் போட்டது 85,000, வேறு யாரும் அவ்வளவு போடவில்லை. "டச்சுக்காரர்களின் மூளை" என்று வாய் நிறையச் சொல்கிறீர்களே, அந்த மூளையில் ஒரு பங்கு அகதிகளுடையது. பழவேற்காட்டில் கோட்டை கட்டியதும் இதே கம்பெனிதான் என்பதால், இந்தக் கணக்கு நமக்கு அவ்வளவு தூரத்து விஷயமும் இல்லை.

இனி சண்டைக்கு வருவோம். கப்பல் செலவுக் கணக்கில் லெ மெய்ர் முறைகேடு செய்தார் என்று புகார் எழுந்தது. 1605இல் அவர் கம்பெனியை விட்டு விலகினார். நன்னம்பிக்கை முனை வழியாகவோ தென் அமெரிக்காவின் தெற்கே உள்ள மகெல்லன் நீரிணை வழியாகவோ போட்டியாகக் கப்பல் விடமாட்டேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பணம் உள்ளே, ஆள் வெளியே. அவரை நிரபராதி என்று நான் வாதாடவில்லை. பில் இல்லாமல் செலவு காட்டியிருந்தால் அது தப்புத்தான்.

1609 ஜனவரி 24 அன்று ஹாலந்தின் முதன்மை அரசியல்வாதியான ஓல்டன்பார்னவெல்ட்டுக்கு ஒரு மனு அனுப்பினார். இயக்குநர்கள் அடுத்தவர் பணத்தை, அவர் விரும்பாத வகையில், அவர் விரும்பாத காலம் வரை பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது மனுவின் சாரம். பங்குதாரர் உரிமை என்று இன்று நீங்கள் தனி வகுப்பு எடுக்கிறீர்களே, அதன் முதல் பக்கமே இதுதான்.

அதே ஆண்டு கூட்டாளிகளோடு ரகசியமாகச் சேர்ந்து, பிந்தைய தேதியில் பங்கைத் தருவதாகச் சொல்லி விற்கத் தொடங்கினார். விலை இறங்கினால் குறைந்த விலைக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம். விலை இறங்கவும் செய்தது. விதவைகளும் அநாதைகளும் நஷ்டப்படுகிறார்கள் என்று இயக்குநர்கள் அரசிடம் ஓடினார்கள். வியாபாரம் சரியில்லை, அதனால்தான் விலை விழுகிறது என்றது பங்கை விற்ற தரப்பு. (இந்த வசனங்கள் இன்றும் மாறவில்லை, கவனித்திருப்பீர்கள்.) 1610 பிப்ரவரியில் இல்லாத பங்கை விற்கத் தடை வந்தது. கூட்டாளிகள் நொடித்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டியது. பத்து ஆண்டு முடிந்ததும் கணக்கு முடித்து, வேண்டும் என்பவர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் 1602இல் கொடுத்த வாக்கு. 1612இல் அரசின் சம்மதத்தோடே கம்பெனி அதைக் கைவிட்டது. பணம் வேண்டுமென்றால் வேறு ஒருவரிடம் பங்கை விற்பது ஒன்றே வழி என்றானது. ஆம்ஸ்டர்டாம் பங்குச்சந்தை நிலைத்ததற்கு இந்த வாக்குத் தவறலும் ஒரு காரணம். லெ மெய்ர் மனுவில் சொன்ன குறை மூன்றே ஆண்டில் கண்முன் நடந்தது.

அவர் அதோடு ஓயவில்லை. இரண்டு வழிகளைத்தானே அடைத்தீர்கள் என்று மூன்றாவதைத் தேட 1615இல் மகன் யாக்கோபை அனுப்பினார். தென் அமெரிக்காவின் நுனியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றி முதலில் போனது அந்தப் பயணம்தான். ஜாவா போய்ச் சேர்ந்தபோது, புது வழி என்பதை நம்பாமல் கம்பெனி கப்பலைப் பறிமுதல் செய்தது. யாக்கோப் ஊர் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்தார். தகப்பன் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

1624இல் அவர் இறந்தபோது கல்லறைக் கல்லில் "வியாபாரி" என்று எழுதி, 30 ஆண்டில் மானம் போகாமல் இத்தனை கில்டர் இழந்தார் என்று தொகையோடு செதுக்கி வைத்தார்கள். நஷ்டத்தைக் கல்லில் வெட்டிக்கொண்ட வேறொரு வியாபாரியை எனக்குத் தெரியாது.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். ஷார்ட் செல்லிங்கைத் திட்ட வேண்டுமா, தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் 1610 தடையோடு கதையை முடிக்காமல் 1585இல் தொடங்கி 1612 வரை சொல்லுங்கள். காணொளி இரண்டு நிமிடம் நீண்டால் பரவாயில்லை, அந்தத் திகில் இசையை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளை விடாமல் பார்க்கும் ஒருவன்