ஆயாக்கொட்டகைத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சுங்கை சிப்புட் கோவில் வளாகத்தில் பாழாகக் கிடந்த ஆயாக்கொட்டகை, அதாவது தோட்ட வேலைக்குப் போன தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகை, பிள்ளைகளின் படிப்பு அறையாகிவிட்டது. தரை, சன்னல், கழிவறை, வர்ணம் எல்லாம் சொன்னபடி முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. கேட்டதெல்லாம் மூன்றுதான். மதிப்பீடு 38,000 வெள்ளி (ரிங்கிட்), முடிந்தது 44,600 வெள்ளி, ஏன்? பல்கலைக்கழகப் பணம் எங்கே போனது? கூரைக் காண்ட்ராக்டரை ஏன் பாதியில் மாற்றினீர்கள்? மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பதால் முதலில் நடுக்கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதிகம் பேசப்பட்டதும் அதுதான்.

'பல்கலைக்கழகம் 15,000 கொடுத்தது, இவர்கள் ஐயாயிரம்தான் காட்டுகிறார்கள்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. 15,000 என்பது, இந்த அறை வேலைக்கு இரண்டு நாள் வந்து கைகொடுத்த மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்திடம் கேட்ட தொகை. ஒப்புதல் கிடைத்தது 6,000. கடைசியில் கொடுக்கப்பட்டது 5,480. கேட்டதும் ஒப்புக்கொண்டதும் வந்ததும் ஒன்றாக இருக்கும் இடம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த திருப்பணிக்கு அங்கே மனுப் போடுவோம்.

இந்தப் பணம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிச் சந்தேகம் தானாகப் போய்விடும். நம் லயத்துப் (தோட்டக் குடியிருப்பு) பிள்ளை ஒருத்தி அந்தப் பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் கழகத்தில் பொருளாளர். கழகத்துக்கென்று சொந்தப் பெட்டி கிடையாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் கெர்தாஸ் கெர்ஜா என்கிற திட்ட மனு எழுத வேண்டும். நோக்கம், தேதி, இடம், நேர அட்டவணை, செயற்குழுப் பெயர்கள், கடைசியில் வரவு செலவுப் பட்டியல். கழக ஆலோசகரான விரிவுரையாளர் கையெழுத்துப் போட்டு, நிகழ்ச்சிக்கு ஒரு மாதத்துக்கு முன்பே எச்.இ.பி. என்கிற மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே பட்டியலின் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வெட்டுவார்கள். ஒரு வரிக்குக் கிடைத்த காசை இன்னொரு வரிக்கு மாற்றக் கூடாது. சாப்பாட்டில் மிச்சம் பிடித்து ஆணி வாங்கினால் அந்த ஆணிக்குக் காசு வராது.

கூரை, வயரிங், சிமெண்டு மூன்றையும் முதல் பார்வையிலேயே அடித்துவிட்டார்கள். மாணவர் நடவடிக்கைக்கான பணத்தில் வேறொருவர் நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாது, அதுவும் வழிபாட்டுத் தல வளாகத்தில் முடியவே முடியாது என்றார்கள். அவர்கள் விதி அவர்களுக்கு. கூரைக்குப் பல்கலைக்கழகம் பணம் தரும் என்று இந்தக் குழு எந்தக் கூட்டத்திலும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்புகள் இருக்கின்றன. மாணவர் மனுவில் கோவில் பெயர் இல்லாததை மறைப்பு வேலை என்று ஒருவர் சொன்னார். கோவிலுக்கு அந்தப் பணத்தில் ஒரு காசும் வரவில்லை, அதனால் மனுவில் 'படிப்பு அறை' என்றே இருக்கிறது. வந்திருந்தால்தான் மறைக்க வேண்டும்.

ஒப்புதலான 6,000 இப்படி: அலமாரியும் மேசையும் 2,900, புத்தகம் 1,200, வர்ணமும் தூரிகையும் 600, பேருந்து 500, சாப்பாடு 800. இதில் அலமாரிக்கான 2,900 நம் கைக்கு வரவே இல்லை. பல்கலைக்கழகமே நேராகக் கடைக்குக் கொடுத்தது. நம் வங்கிப் புத்தகத்தில் 2,580 மட்டும் தெரிவது அதனால்தான்.

அலமாரிக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்றார்கள். நம் ஊர்த் தச்சர் 2,600 சொன்னார், ஈப்போக் கடை 2,900. 'ஊர்க்காரனை விட்டுவிட்டு ஈப்போவுக்குக் கொடுத்தீர்களே' என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில். தச்சர் பல்கலைக்கழகத்தில் பதிவு பெற்ற விநியோகிப்பாளர் இல்லை. அவரிடம் வாங்கினால் 2,600 நம் பையிலிருந்து போகும். ஈப்போவில் வாங்கினால் 2,900 அவர்கள் பையிலிருந்து போகும். எது லாபம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளலாம். தச்சருக்கு இதில் வருத்தம் இல்லை. வாசற்கதவை அவர்தான் செய்தார், கூலி வாங்கவில்லை.

மீதி 3,100-க்கு அங்கே பழக்கம் வேறு. முதலில் செலவு செய், ரசீது காட்டு, பிறகு வாங்கிக்கொள். இருபது வயதுப் பிள்ளைகள் மூவாயிரம் வெள்ளியை எங்கிருந்து போடுவார்கள்? பி.டி.பி.டி.என். என்கிற அரசாங்கக் கல்விக் கடனில் படிக்கிற பிள்ளைகள். நன்கொடைப் பணத்திலிருந்து குழு அதை முன்பணமாகக் கொடுத்தது. இதைத்தான் சிலர் 'கோவில் காசை மாணவருக்குக் கொடுத்தார்கள்' என்று பேசினார்கள். கொடுத்தோம். திரும்பியும் வந்தது, 520 நீங்கலாக. கழகத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இல்லாததால் ஆலோசகர் கணக்கு வழியாக வந்தது. அதற்கான கடிதமும் கோப்பில் இருக்கிறது.

அந்த 520 பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி முடிந்து இரண்டு வாரத்துக்குள் அறிக்கையும் ரசீதுகளும் போகாவிட்டால் கழகத்தின் அடுத்த மனுவைத் தொட மாட்டார்கள். பொருளாளர் பிள்ளை நம் கோவில் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு ரசீதையும் ஏ4 தாளில் ஒட்டி, பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருந்தது. வர்ணமும் சில்லறைச் சாமான்களும் வாங்கிய சில ரசீதுகள் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கடியில் இருந்து வெந்து, எழுத்தே இல்லாமல் வெள்ளைத் தாளாகிவிட்டன. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கடைப் பெயர் மட்டும் நிழல் மாதிரி தெரிந்தது. தொகை தெரியவில்லை. அதில் 200 போனது. இன்னொரு 320, நம் கோவில் மடப்பள்ளியில் இரண்டு வேளை சமைத்துப் போட்ட அம்மாவுக்குக் கொடுத்தது. அவர் கையால் எழுதிக் கொடுத்த சீட்டில் கம்பெனிப் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை, சாப் (முத்திரை) இல்லை. செல்லாது என்று திருப்பிவிட்டார்கள். 'அங்கிள், நானே மாசா மாசம் கட்டிடுறேன்' என்றது அந்தப் பிள்ளை. குழு அதை ஏற்கவில்லை. 520-ஐ நம் செலவில் எழுதினோம். இதற்கு ஆட்சேபம் இருந்தால் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லலாம்.

மாணவர்கள் ஏன் ஊர் ஊராக நன்கொடை திரட்டவில்லை என்றும் கேட்டார்கள். 1971-ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டம், அதாவது நாம் 'ஆக்கு' (AUKU) என்று சொல்வது, அதன் 15ஏ பிரிவு மாணவர் பணம் திரட்டுவதை நெடுங்காலம் கட்டிப்போட்டிருந்தது. துணைவேந்தர் அனுமதித்தால்தான் உண்டு. 2024-இல் நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்திக் கொஞ்சம் தளர்த்தினார்கள். சட்டம் தளர்ந்தாலும் அலுவலகத்துப் பாரம் தளர்வதில்லை. பிள்ளைகள் முறையாக அனுமதி வாங்கி, வளாகத்தில் கடை போட்டு நாசி லெமாக்கும் வடையும் விற்று 3,270 வெள்ளி கொண்டுவந்தார்கள். அது பல்கலைக்கழகப் பணத்தில் சேராது, தனி வரவு. இந்தியர் உருமாற்றத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு ஏன் போகவில்லை என்பது வேறு கதை, வேறு நாள்.

இனிக் கூரை.

கூரைக்கும் வயரிங்குக்கும் சேர்த்து 17,500 என்று காண்ட்ராக்டரிடம் பேசினோம். மூன்று தவணை. பழைய தகரத்தைப் பிரித்ததும் நடு விட்டத்தில் கரையான் தெரிந்தது. அதை மாற்ற 1,900 கூடுதல். நேரில் பார்த்தோம், ஒப்புக்கொண்டு தனியாகக் கொடுத்தோம். அந்த விட்டத்தில்தான் பால்மரம் (ரப்பர்) சீவப் போன தாய்மார்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கிகள் இருந்தன. அவற்றில் இரண்டைப் புது விட்டத்தில் திரும்ப மாட்டச் சொன்னோம். அதற்கு எவ்வளவு செலவு என்று ஒருவர் கேட்டார். எதுவும் இல்லை.

இரண்டு தவணையாக 10,000 கொடுத்திருந்தோம். அதற்குள் தேநீர்க் கடையில் யாரோ 'யுனிவர்சிட்டி காசு வருது' என்று பேசியிருக்கிறார்கள். மறுநாளே தகரம் விலை ஏறிவிட்டது, இன்னும் 4,000 வேண்டும் என்றார் காண்ட்ராக்டர். கடை பில்லைக் காட்டுங்கள் என்றோம். காட்டவில்லை. ஏணியையும் ஆட்களையும் எடுத்துக்கொண்டு போனார். அது நவம்பர் மாதம், நம் பக்கத்து மழை உங்களுக்கே தெரியும். பாதிக் கூரையில் தார்ப்பாய்.

'கொஞ்சம் பொறுத்திருந்தால் அவரே வந்திருப்பார்' என்கிறார்கள். பொறுக்க முடியாததற்குக் காரணம் மாணவர் மனுதான். நிகழ்ச்சி நவம்பர் 15, 16 என்று ஒப்புதலாகியிருந்தது. தேதி மாறினால் மனு மறுபடி முதலிலிருந்து போக வேண்டும். அப்புறம் பரீட்சை வரும். பல்கலைக்கழகத்தின் நிதியாண்டு டிசம்பர் 31-இல் முடிவதால் அதற்கு முன்பே கணக்கை மூட ஆரம்பித்துவிடுவார்கள். தள்ளிப் போட்டால் 6,000 போயிற்று. அலமாரியை இறக்கக் கூரை வேண்டும், புத்தகத்தை வைக்க அலமாரி வேண்டும். இந்த நெருக்கடி காண்ட்ராக்டருக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றார். பிடி கொடுத்திருந்தால் நாலாயிரத்தோடு நின்றிருக்காது என்பது என் கருத்து.

வேறு ஆட்களைக் கூப்பிட்டோம். புதிதாக வந்தவர் மேலே ஏறி, ஏற்கெனவே போட்டிருந்த தகரம் ஒன்றின் அடிப்பக்கத்தைக் காட்டினார். 0.23 என்று அச்சிட்டிருந்தது. பேச்சு 0.35 மில்லிமீட்டர். விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வந்தது. மெல்லிய தகரத்தை எல்லாம் கழற்றிவிட்டுச் சரியானதைப் போட வேண்டியிருந்தது. பழைய காண்ட்ராக்டருக்கு நிறுத்தி வைத்த 7,500-உடன் மேற்கொண்டு 3,800 ஆனது. வயரிங்கில் பழைய மின்பெட்டி இனி ஆகாது என்று மின்பணியாளர் சொன்னதால் 900. ஆக 1,900, 3,800, 900. கூட்டினால் 6,600. கூடுதல் செலவு இவ்வளவுதான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

செய்த வேலைக்கு இன்னும் 2,000 பாக்கி என்று பழைய காண்ட்ராக்டர் பாசாரில் (சந்தையில்) சொல்லிக்கொண்டிருக்கிறார். குழுவின் நிலை: பாக்கி இல்லை. கழற்றிய தகரங்கள் மடப்பள்ளிக்குப் பின்னால் அடுக்கி இருக்கின்றன. எவர் வேண்டுமானாலும் எண்ணைப் பார்க்கலாம். வழக்குப் போடச் சொன்னவர்களுக்கு: ஒரே ஊரில் இருக்கிறோம், அவர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த அறைக்குத்தான் டியூஷனுக்கு வருகிறார்கள். குழு வேண்டாம் என்று முடிவெடுத்தது. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

நன்கொடையாளர்கள். முழுப் பெயர்கள் அறைச் சுவரில் உள்ள பலகையில் இருக்கின்றன. இங்கே ஊர் அழைக்கிறபடி எழுதுகிறேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் லயத்துப் பையன்கள் சேர்ந்து 3,000. பழைய கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டார் 2,000. மூன்றாம் லயத்து நர்ஸ் அக்கா 1,500. பாசார் மீன்கடை அண்ணன் 1,000, அதோடு மாணவர்களுக்கு ஒரு நாள் மீன். லோரிக்கார மாமா 800, மணல் ஏற்றிய கூலி வேண்டாம் என்றார். பள்ளி ஓய்வு ஆசிரியை 1,000, பெயர் போடக் கூடாது என்றார், போடவில்லை. மாதர் பகுதி பலகாரம் விற்று 1,150. பூக்கடை, முடிதிருத்தகம், பழைய மிட்டாய்க் கடை, பாட்டி வீட்டுப் பேரப்பிள்ளைகள், செம்பனை வெட்டும் இளைஞர்கள், தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்குப் போய்விட்ட குடும்பங்கள் எல்லாரும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டம் வாங்க 1960-இல் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தவணையாகப் பங்கு வாங்கிய ரசீதை இன்னும் பீரோவில் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள். பத்து வெள்ளி கொடுத்தாலும் ரசீது கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் யாரும் வாட்ஸ்அப்பில் பேசவில்லை. எல்லாம் சேர்த்து நன்கொடை 21,350.

வரவு: நன்கொடை 21,350, கோவில் திருப்பணி நிதி 12,000, பல்கலைக்கழகம் 5,480, மாணவர் கடை 3,270, மொத்தம் 42,100. செலவு, பேருந்து சாப்பாடு உட்பட, 44,600. குறை 2,500. அது ஹார்ட்வேர் கடைத் தவுக்கேவுக்கு (முதலாளிக்கு) தர வேண்டியது. சித்திரை வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருக்கிறார், வட்டி இல்லை. கூட்டத்தில் இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

டிசம்பரில் அங்கே கணக்கை மூடிவிட்டதால் பல்கலைக்கழகப் பணம் 2026 பிப்ரவரியில்தான் வந்தது. இந்த அறிக்கை தாமதமானதற்கும் அதுதான் காரணம். அடுத்த ஆண்டு கழகம் மறுபடி வர விரும்புகிறது. வந்தால் சமைக்கும் அம்மாவைப் பதிவு பெற்ற கேட்டரிங் ஒன்றோடு சேர்த்துவிட வேண்டும். ரசீது வாங்கிய அன்றே நகலெடுத்துவிட வேண்டும் என்று பொருளாளர் பிள்ளையே அடுத்த செயற்குழுவுக்கு எழுதி வைத்திருக்கிறது.

அறைச் சாவி ஒன்று குருக்கள் ஐயாவிடம், ஒன்று மாதர் பகுதித் தலைவியிடம் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் வரலாம். போட்டோ எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

செயலாளர்,
திருப்பணிக் குழு