ரக்பிக்கும் நான்கு வரி இடம் வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 19 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 2018இல் சொந்த ஊரான குழித்துறைக்குத் திரும்பியவன் நான். ஊருக்குத் திரும்பியபின் எல்லாம் பழகிவிட்டது. அங்கே தொற்றிக்கொண்ட, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ரக்பி ஆட்டத்தின் பைத்தியம் மட்டும் போகவில்லை. இப்பகுதியில் உலகக் கோப்பைக் கால்பந்து வந்துவிட்டால் களியக்காவிளைக்கு அப்புறமும் இப்புறமும் அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் பிளக்ஸ் வைப்பார்கள். நியூசிலாந்தின் 'ஆல் பிளாக்ஸ்' அணிக்காகக் கவலைப்படுகிறவன், எனக்குத் தெரிந்த அளவில், நான் ஒருவன்தான்.

நியூசிலாந்தில் குளிர்காலச் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மதியம் பன்னிரண்டரை மணி என்பதால், அது சோற்றுத் தட்டோடு முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் மாலை ஐந்து மணி என்றால் இங்கே இரவு எட்டரை. பிரான்சில் நடக்கும் இரவு ஆட்டங்கள்தான் உடம்பைக் கெடுப்பவை. 2024 நவம்பரில் பாரிசில் பிரான்ஸ் 30-29 என்று நியூசிலாந்தை வென்ற ஆட்டம் நம் நேரப்படி ஒன்றரை மணிக்கு மேல் தொடங்கியது. அது முடிந்து, ஒரு புள்ளியில் போய்விட்டதே என்ற ஆற்றாமையோடு திண்ணையில் வந்து நின்றபோது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போன பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், "என்ன அண்ணாச்சி, இன்னும் உறங்கல்லியா?" என்று கேட்டார். காரணத்தைச் சொல்லி விளங்கவைக்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை.

மறுநாள் தங்கள் நாளிதழில் அதைப் பற்றி ஒரு வரியும் வராததைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்நேரத்துக்குள் அச்சு முடிந்து கட்டுகள் பேருந்து ஏறியிருக்கும். அதற்கும் மறுநாள் வராததுதான் என் குறை. 2023 ரக்பி உலகக் கோப்பையிலும் இதே கதைதான். அக்டோபர் 28 இரவு பாரிசில் நடந்த இறுதி ஆட்டத்தில், அணித்தலைவர் சாம் கேன் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியபின், பெரும்பகுதி நேரம் 14 பேருடனேயே ஆடி, 12-11 என்று நியூசிலாந்து தோற்றது. பிரான்சை 29-28, இங்கிலாந்தை 16-15 என்று ஒவ்வொரு புள்ளியில் கடந்து வந்த தென்னாப்பிரிக்கா, மூன்றாவது முறையும் ஒரே புள்ளியில் வென்று நான்காவது கோப்பையைப் பெற்றது. இப்படி ஒரு தொடரை வேறெந்த விளையாட்டில் பார்க்க முடியும்? லக்னோவில் இந்தியா இங்கிலாந்தைக் கிரிக்கெட்டில் 100 ரன்னில் வென்ற செய்தி திங்கள் இதழின் பக்கத்தை நிறைத்தது நியாயமே. ஆனாலும் ஓர் ஓரத்தில் நான்கு வரிக்கா இடமில்லை?

வரும் செய்தியிலும் குழப்பம் இருக்கிறது. 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் பட்டம் வென்றதைத் தாங்கள் படத்துடன் வெளியிட்டதற்கு நன்றி. ஆனால் அது எழுவர் ஆடும் செவன்ஸ் என்பதும், நான்கு நிமிடக் காற்பகுதிகள் நான்காகப் பதினாறு நிமிடத்தில் முடிவது என்பதும், உலகக் கோப்பை ஆட்டம் பதினைந்து பேர் எண்பது நிமிடம் ஆடுவது என்பதும் அச்செய்தியில் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. டெஸ்ட் ஆட்டத்தின் செய்தியில் இருபது ஓவர் கணக்கை எழுதினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்களா?

நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம் என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் சொல்லக்கூடும். ஆண்டுதோறும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்வது கல்கத்தா கோப்பைக்காக. கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திய ரக்பி மன்றம் கலைந்தபோது, வங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, கைப்பிடிகளில் நாகமும் மூடியில் யானையுமாகச் செய்த கோப்பை அது. 1879 முதல் அதற்காக ஆடிவருகிறார்கள். நம் ஊர் வெள்ளி அங்கே கைமாறுவதை ஆண்டுக்கு ஒருமுறையாவது நம் பத்திரிகை சொல்லலாம் அல்லவா?

நான் கேட்பது பெரிதன்று. பிப்ரவரி, மார்ச்சில் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியும், ஜூலையிலும் நவம்பரிலும் நாடுகளுக்கிடையேயான ரக்பி டெஸ்ட் ஆட்டங்களும் நடக்கும்போது, சனிக்கிழமை இதழில் இந்திய நேரத்துடன் அட்டவணையும், திங்களன்று முடிவுகளும் போதும். 2027 உலகக் கோப்பை 24 அணிகளுடன் ஆஸ்திரேலியாவில் நடக்கவிருக்கிறது. சிட்னியில் இரவு எட்டு மணி ஆட்டம் நமக்குப் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கிவிடும் என்பதால், தங்கள் அச்சு இயந்திரம் ஓடத் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே முடிவு தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.